மடுவத்துப் பாதையா, ஓடைப் பாதையா?

கண்டி ஹந்தானையிலிருந்து நுவரெலியா வரை 300 கிலோமீட்டருக்கு மேல், 22 கட்டங்களாகப் போகிறது பெக்கோ நடைபாதை. தேயிலை மலையில் நடப்பதற்கென்றே ஆட்கள் வருவார்கள் என்பதை அது காட்டிவிட்டது. அப்புத்தளைப் பக்கமுள்ள எங்கள் தோட்டத்திலும் இப்போது ஒரு சிறு நடைபாதைக்கான பேச்சு நடக்கிறது. போடுவதானால் இரண்டு வழிகள் இருக்கின்றன: கொழுந்து நிறுக்கும் கொட்டகையான மடுவத்துப் பாதை, ஓடையோரம் போகும் ஓடைப் பாதை.

ஓடைப் பாதை அழகானது. காட்டோரம், நிழல், தண்ணீர்ச் சத்தம். கொழும்புக்குக் கடை வேலைக்குப் போகாமல் வழிகாட்டியாக ஊரிலேயே பிழைக்கலாம் என்று இளைஞர்கள் இதையே கேட்கிறார்கள். நியாயமான ஆசைதான். ஆனால் அந்த வழி, மலைத் தண்ணீர் கொட்டும் பீலியை ஒட்டிப் போகிறது. கொழுந்து நிறுத்துவிட்டு வரும் பெண்கள், இடுப்பில் கட்டிய படங்கை அவிழ்த்துக் கல்லில் போட்டுவிட்டு, குறுக்குக்கட்டோடு குளிக்கும் இடம் அது. வரிசை வீட்டில் பத்தடிக்குப் பத்தடி அறையான காம்பராவில் வாழ்கிறவர்களுக்கு ஊரில் வேறு மறைவிடம் இல்லை. கேமராவோடு ஒருவர் அங்கே வந்து நின்றால் அவர்கள் எங்கே போவார்கள்?

அதைவிடப் பெரிய பயம் மண். அந்தப் பாதைக்குச் சரிவைப் புதிதாக வெட்ட வேண்டும். குறுக்கே ஓடும் வடிகான்கள் தூர்ந்தால் மழைநீர் வழிந்தோடாமல் மலைக்குள்ளேயே இறங்கும். 2014 ஒக்டோபர் 29 காலையில் கொஸ்லாந்தை மீரியபெத்தையில் வரிசை வீடுகளான லயங்கள் மண்சரிவில் மண்ணுக்குள் போனதை இந்தப் பக்கத்தில் யாரும் மறக்கவில்லை.

மடுவத்துப் பாதை பழைய வண்டிப் பாதை. வெயில், ஏற்றம், இடையிடையே குளவிக் கூடு. லயத்து வாசல்களைத் தாண்டிப் போவதால் அங்கும் எட்டிப் பார்ப்பவர்கள் தொல்லை உண்டு. கோயிலுக்குப் பின்னால் திருப்பிவிட்டால் அது பாதி குறையும். புதிதாக எதையும் வெட்ட வேண்டியதில்லை. இன்னொன்றும் இருக்கிறது. தோட்டத்து நிலம் எங்கள் பெயரில் இல்லை. ஓடையோரம் கடை போட முதலும் அனுமதியும் வேண்டும். இரண்டும் டவுன்காரரிடம்தான் இருக்கும். மடுவத்துப் பாதையிலோ, ஓர் அக்கா தன் வாசலிலேயே ரொட்டி சுட்டு, பிளேன்டீ ஊற்றி விற்கலாம்.

நான் மடுவத்துப் பாதையின் பக்கம். கோயிலுக்குக் கீழே அடித்துப்போன கல்படிகளில், எங்கள் பிள்ளைகள் வெள்ளைச் சப்பாத்தைக் கையில் பிடித்துக்கொண்டு சேற்றில் இறங்கித்தான் பள்ளிக்கூடம் போகிறார்கள். பாதைக்குப் பணம் வருமானால் முதல் மூட்டை சீமெந்து அந்தப் படிகளுக்குப் போகட்டும்.