ஆறு வார ஊசியும் ஓர் இருதய வார்டும்
அல்சூரில் வசிக்கும் என் அப்பாவுக்குப் இருதயத்தின் பெருநாடி வால்வில் பாக்டீரியா தொற்று ஏற்பட்டதால், பெங்களூரு தனியார் மருத்துவமனை ஒன்றில் 6 வாரம் ரத்தக்குழாய் வழி ஆன்டிபயாடிக் செலுத்த வேண்டியிருந்தது. வால்வில் படிந்த கிருமிக்கட்டியின் துணுக்கு உடைந்து மூளைக்குப் போனால் பக்கவாதம் வரலாம் என்றும், வால்வு அரிக்கப்பட்டால் ரத்தம் பின்னோக்கிக் கசிந்து இருதயம் செயலிழக்கலாம் என்றும் மருத்துவர் தாளில் படம் வரைந்து தமிழிலேயே விளக்கினார். தொற்று சீழாகப் பரவினால் இருதயத்தின் மின்கடத்தல் தடைபடலாம் என்பதால், தினமும் ஈசிஜி எடுத்து முந்தைய நாள் தாளோடு ஒப்பிட்ட செவிலியருக்கு முழு மதிப்பெண் தரலாம். ரசம் என்று வந்தது வெந்நீர்தான். பில்லிங் பிரிவோ, ரத்தத்தில் கிருமி உள்ளதா என்று பார்க்க மூன்று முறை எடுத்த ரத்தக் கல்ச்சருக்கு ஐந்து முறைக்கான கட்டணம் போட்டு, அதைத் திருத்த எங்களை 3 நாள் அலையவிட்டது. தொற்று மறுபடி வராமலிருக்க, பல் பிடுங்குவதற்கு முன் ஆன்டிபயாடிக் அவசியம் என்று எழுதிக் கொடுத்த அட்டையை அப்பா ஆதாரோடு சட்டைப்பையில் வைத்திருக்கிறார்.