வராத ஆட்டக்காரர்களுக்குச் சட்டை அடித்த கடை

பாளையங்கோட்டை வ.உ.சி. மைதானத்துக்குப் பக்கத்துச் சந்தில், ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேல் மாடியில் இருக்கிறது இந்த பனியன் பிரிண்டிங் கடை. கீழே போர்டு கிடையாது. படிக்கட்டில் சிவப்பும் நீலமுமாக மை சிந்திக் கிடக்கும், அதைப் பார்த்துக்கொண்டே ஏறினால் போதும். கடையின் முக்கிய வியாபாரம் கோயில் கொடைத் திருவிழாவுக்கு இளைஞர் அணி பனியன். அதற்கு அடுத்தது கபடி டீம்கள், அப்புறம் கடற்கரை ஊர்களில் நடக்கிற செவன்ஸ் (அணிக்கு ஏழு பேர் ஆடும் கால்பந்து) போட்டிகளுக்கு ஜெர்சி. நாங்கள் போனது இது எதற்கும் இல்லை.

நாங்கள் ஐந்து பேர். ஞாயிற்றுக்கிழமை காலையில் பந்து உதைக்கிறவர்கள் என்று வீட்டில் சொல்லிக்கொள்கிறோம். நாற்பதைத் தாண்டிய பிறகு உதைப்பது இருபது நிமிஷம், டீக்கடையில் உட்கார்ந்து பேசுவது இரண்டு மணி நேரம். பேச்சு எங்கே ஆரம்பித்தாலும் "அவன் மட்டும் அன்னைக்கு வந்திருந்தாம்னா" என்ற இடத்தில் வந்து முட்டி நிற்கும். ஒரு நாள் எங்களில் மூத்தவர் சொன்னார்: "ஆடுனவன் பேரு போட்ட சட்டை எல்லாவன்ட்டயும் இருக்குவே. நம்ம டீமுக்கு வரப் பாத்து வராதவன் பேரை அடிப்போம்." கேட்டவுடனே பிடித்துவிட்டது. ஆனால் யார் யார் பெயர் என்று முடிவு செய்வதற்குள் மூன்று ஞாயிறு போய்விட்டது.

என் பெயரில் எனக்குச் சந்தேகமே கிடையாது. ரொனால்டினோ, எண் 7, சிவப்புச் சட்டை. நான் இங்கிலாந்துக் கிளப்பான மான்செஸ்டர் யுனைடெட்டின் ஆள். 1999 மே மாதம் பார்சிலோனாவில் நடந்த அந்த சாம்பியன்ஸ் லீக் இறுதி ஆட்டம் நமக்கு நடுராத்திரி பன்னிரண்டே காலுக்குத்தான் ஆரம்பித்தது. மேலப்பாளையத்தில் ஒரு நண்பன் வீட்டில், அவன் அப்பா எழுந்துவிடக் கூடாது என்று டிவி சத்தத்தைச் சுத்தமாகக் குறைத்துவிட்டுப் பார்த்தோம். கடைசி நிமிடங்களில் ஷெரிங்ஹாம், சோல்ஷேர் என்று இரண்டு கோல் விழுந்தபோது வாயில் துண்டை வைத்து அமுக்கிக்கொண்டு குதித்தோம். அன்றிலிருந்து இந்த வியாதி. 2003-ல் எங்கள் 7-ஆம் நம்பர் பெக்காம் ரியால் மாட்ரிடுக்குப் போனார், அவர் இடத்துக்கு ரொனால்டினோ வருகிறார் என்று பேச்சு. வண்ணார்பேட்டையில் ஒரு பிரவுசிங் சென்டரில் மணிக்கணக்காகக் காசு கொடுத்து அந்தச் செய்தியைத் துரத்தினேன். ஜூலையில் அவர் பார்சிலோனாவில் போய்ச் சட்டையைத் தூக்கிக் காட்டிச் சிரித்தார். அந்தப் பல்லை இன்றைக்குப் பார்த்தாலும் எனக்கு வயிறு எரிகிறது. அந்த ஆகஸ்டில் பிரேசிலில் இருந்து எங்களுக்கு வந்து சேர்ந்தவர் க்ளெபர்சன். உலகக் கோப்பை ஜெயித்தவர்தான், சரி. ஆனால் அவர் பெயரில் சட்டை கேட்டு இந்த மாடிப்படியை யாரும் ஏறப் போவதில்லை.

உடனே ஆர்சனல் ஆளான கணக்கு வாத்தியார் குறுக்கே விழுந்தார். "அதே மாசம் போர்ச்சுகல்ல இருந்து ஒரு பயல 1 கோடியே 22 லட்சம் பவுண்டுக்குக் கூட்டிட்டு வந்து 7-ஆம் நம்பர் கொடுத்தீங்களே, அவன் யாருவே?" கிறிஸ்டியானோ ரொனால்டோதான். லிஸ்பனில் நடந்த நட்பு ஆட்டத்தில் யுனைடெட் பின்வரிசையைப் பம்பரமாகச் சுற்றவிட்டு, அடுத்த சில நாளில் எங்களிடமே வந்துசேர்ந்தவர். வாத்தியாருக்கு அதில் தனி எரிச்சல், அவரை ஆர்சனலும் கூப்பிட்டுப் பேசியிருந்தது. ரொனால்டினோ வந்திருந்தால் ரொனால்டோ வந்திருப்பாரா? இந்தக் கேள்வியை என்னிடம் கேட்காதீர்கள். எனக்கு ரெண்டு பேரும் வேண்டும்.

இன்னொரு நண்பர் ஷியரர் பெயரைக் கேட்டார். அங்கேதான் விதிமுறை பிறந்தது. யுனைடெட் கூப்பிட்டும் 1992-ல் பிளாக்பர்ன் போனார், 1996-ல் மறுபடி கூப்பிட்டபோது ஒன்றரைக் கோடி பவுண்டுக்குச் சொந்த ஊரான நியூகாசிலுக்குப் போனார். வராதவன் வேறு, வரமாட்டேன் என்றவன் வேறு. பின்னவனுக்குச் சட்டை கிடையாது என்று தீர்மானம். அதோடு, அவர் வராத அதே 1996-ல்தான் 15 லட்சம் பவுண்டுக்கு, சரியாகப் பத்தில் ஒரு பங்கு விலைக்கு, சோல்ஷேரை நார்வேயில் இருந்து கொண்டுவந்தார்கள். ஷியரர் வந்திருந்தால் மேலப்பாளையத்தில் நான் துண்டைக் கடித்திருக்க மாட்டேன். நண்பர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு ராபனுக்கு மாறினார். யுனைடெட் மேனேஜர் பெர்குசனோடு உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு, கடைசியில் செல்சியில் கையெழுத்துப் போட்டவர். அது செல்லும்.

மூத்தவர் எடுத்தது காஸ்கோயின். 1988-ல் வருகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டு, பெர்குசன் விடுமுறைக்குப் போன நேரத்தில் டாட்டன்ஹாம் பக்கம் சாய்ந்தவர். கணக்கு வாத்தியார் எடுத்தது ஸ்லாட்டான் இப்ராகிமோவிச். 2000-ல் அந்தப் பையனை ஆர்சனல் மேனேஜர் வெங்கர் வரவழைத்து, பெயரும் 9-ஆம் எண்ணும் போட்ட ஆர்சனல் சட்டையையே கையில் கொடுத்து போட்டோவும் எடுத்தார். முதலில் சோதனைக்கு ஆடிக் காட்டு என்றதும் தம்பி கிளம்பிவிட்டார், அடுத்த வருடம் அயாக்ஸ். எங்கள் பட்டியலில் நிஜமாகவே ஒரு காலத்தில் இருந்த சட்டை அது ஒன்றுதான் என்பதில் வாத்தியாருக்கு ஏகப்பட்ட பெருமை. லிவர்பூலில் இருந்த சுவாரெஸை வாங்க ஆர்சனல்காரர்கள் 4 கோடியே 1 பவுண்டு என்று விலை அனுப்பினார்களே, அந்த ஒரு பவுண்டை முதுகில் போடுங்கள் என்று நான் சொல்லிப் பார்த்தேன். கணக்கு வாத்தியாருக்கு இதைவிடப் பொருத்தமான எண் உண்டா? கேட்கவில்லை.

ஐந்தாமவன் உவரிக்காரத் தம்பி, எங்களில் உண்மையிலேயே ஆடத் தெரிந்தவன் அவன் ஒருத்தன்தான். அவனுக்கு சென்னையின் எஃப்.சி. தவிர வேறு உலகம் கிடையாது. 2014-ல் எலானோ, 2015-ல் மெண்டோசா, ரெண்டு வருஷமும் இந்தியன் சூப்பர் லீகிலேயே அதிக கோல் அடித்தது எங்க ஆளு என்று ஆரம்பிப்பான். 2015 இறுதி ஆட்டத்தில் கோவாவுக்கு எதிராகத் தோற்றுக்கொண்டிருந்து, 90-ஆவது நிமிடம் எதிராளி கோல்கீப்பர் கையாலேயே சமன் ஆகி, அடுத்த மூச்சில் மெண்டோசா அடித்து 3-2 என்று முடித்ததை அவன் சொல்லக் கேட்டால், என் 1999 கொஞ்சம் மங்கித்தான் போகும். அவன் கேட்ட பெயர் சூசைராஜ். தூத்தூர்ப் பக்கத்துக்காரர், உவரியில் இருந்து கடற்கரையோரமாகவே போனால் வருகிற ஊர். சென்னை சிட்டி என்ற வேறொரு அணியில் இடது ஓரத்தில் பறந்துகொண்டிருந்தவரை 2018-ல் ஜாம்ஷெட்பூர் கொத்திக்கொண்டு போனது, அடுத்த வருடம் கொல்கத்தா. 2020 மார்ச்சில், கொரோனாவால் ஆளில்லாத மைதானத்தில், சென்னையின் எஃப்.சி.யை 3-1 என்று வென்று கோப்பையைத் தூக்கியது அந்தக் கொல்கத்தா அணிதான். "நம்ம கடற்கரைப் பையன், நம்ம மாநிலத்து டீம், நடுவுல கொல்கத்தாக்காரன். இது எப்படிண்ணே?" என்று தம்பி கேட்பான். எங்கள் நாலு பேரின் பழைய சோகத்தைவிட அவனுடையதற்குத்தான் கனம் அதிகம் என்று எனக்குத் தோன்றும். ரொனால்டினோ வராததற்கு நான் யாரையும் போய்க் கேட்க முடியாது. இவனுக்கு அப்படியில்லை, ஒரு பஸ் தூரம்.

சரி, கடைக்கு வருவோம்.

வழக்கமாக பத்து உருப்படிக்குக் குறைந்து எடுக்க மாட்டார்கள். ஐந்துதான் என்றதும் கடைக்காரர் யோசித்தார். பெயர்ப் பட்டியலை வாங்கிப் பார்த்துவிட்டு, "இந்த ஆளு இந்த டீம்ல ஆடவே இல்லையே அண்ணாச்சி?" என்றார். "அதுக்குத்தான் தம்பி" என்றேன். சிரித்துக்கொண்டே ஒத்துக்கொண்டார். ஒரே நிபந்தனை, கிளப் முத்திரையும் விளம்பரக் கம்பெனிப் பெயரும் போட மாட்டேன் என்றார். வெறும் நிறம், காலர், பெயர், எண். எனக்கும் அதுதான் சரி என்று பட்டது. வராதவனுக்கு முத்திரை எதற்கு?

சட்டை ஒன்று 380 ரூபாய். திருப்பூரில் இருந்து வருகிற பாலியஸ்டர் துணி, புள்ளி புள்ளியாகக் காற்றோட்டம் உள்ளது. இரண்டு விதமாக அடிக்கிறார்கள். ஒன்று சப்ளிமேஷன். காகிதத்தில் அடித்த மையைச் சூட்டில் ஆவியாக்கித் துணி நூலுக்குள்ளேயே ஏற்றுவது. கையால் தடவினால் எழுத்து தட்டுப்படாது, எத்தனை தடவை துவைத்தாலும் உரியாது. ஆனால் அந்த மையில் வெள்ளை கிடையாது. சிவப்பில் வெள்ளை எழுத்து வேண்டுமென்றால் வெள்ளைத் துணி முழுக்கச் சிவப்பு அடித்து, எழுத்தை மட்டும் வெறுமனே விட்டு, பிறகு வெட்டித் தைக்க வேண்டும். ஐந்து சட்டைக்கு அது கட்டாது. எங்களுக்கு அடித்தது டி.டி.எஃப். பிலிமில் அடித்து, பசைப் பொடி தூவி, தைத்த சட்டை மேலேயே வைத்து ஹீட் பிரஸ்ஸில் அமுக்குவது.

கடைக்காரரின் வேலை சுத்தம். என் சட்டையை அமுக்கும்போது பக்கத்தில் நின்றேன். முதலில் வெறும் சட்டையை ஒரு தடவை அமுக்கி ஈரத்தைப் போக்கினார். கழுத்துத் தையலில் இருந்து நாலு விரல் அளந்து பெயரை வைத்தார். மெஷின் மணி அடித்ததும் திறந்து, சூடு ஆறும்வரை கை வைக்கவில்லை. பிறகு பிலிமை ஒரு மூலையில் நகத்தால் கிளப்பி, தோசையைத் திருப்புகிற பக்குவத்தில் மெதுவாக உரித்தார். ன-வின் சுழி, ல-வின் வளைவு எல்லாம் ஓரம் சிதையாமல் உட்கார்ந்தது.

ஆனால் அதற்கு முன்னால் நடந்த கூத்தைச் சொல்ல வேண்டும். பெயர்களைத் தமிழில்தான் அடிக்க வேண்டும் என்பது எங்கள் பிடிவாதம். வாட்ஸ்அப்பில் அனுப்பியதை அப்படியே எடுத்து டிசைனில் ஒட்டியிருக்கிறார்கள். அவர்கள் வைத்திருக்கிற பழைய சாப்ட்வேருக்குத் தமிழ்க் கொம்பு பிடிபடாது. ரொனால்டினோவில் ர-வுக்கு முன்னால் நிற்க வேண்டிய ஒற்றைக்கொம்பு பின்னால் போய்க் காலோடு ஒட்டிக்கொண்டு நின்றது. கடைசி எழுத்தும் அதே கதி. காஸ்கோயினுக்கு நடுவிலே முறிந்தது. சூசைராஜுக்கு சை சாய்ந்துவிட்டது. சரியாக வந்தது ஸ்லாட்டானும் ராபனும்தான். வாத்தியார் அந்த மாதிரிப் படத்தை எங்கள் குரூப்பில் போட்டு இரண்டு நாள் ஆட்டம் போட்டார். பிறகு கடைக்காரரே பாமினி எழுத்துருவில் கொம்பை முதலில், எழுத்தைப் பிறகு என்று ஒவ்வொன்றாகத் தட்டிச் சரி செய்தார். அதற்குக் காசு கேட்கவில்லை. ஆனால் பார்க்காமலே அச்சுக்கு விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற பயம் எனக்கு இன்னும் போகவில்லை. நீங்கள் போனால் மாதிரியை அனுப்பச் சொல்லிப் பார்த்த பிறகே அடிக்கச் சொல்லுங்கள்.

வேறு குறைகளும் உண்டு. நாலு நாள் என்று சொல்லி ஒன்பது நாள் ஆக்கினார்கள், கொடை பனியன் நெருக்கடி. எக்ஸ்எல் என்று போட்டிருப்பது கடையில் வாங்குகிற எல் அளவுதான். எங்களைப் போலத் தொப்பை இருந்தால் ஒரு அளவு கூட்டிச் சொல்வது நல்லது. மூன்றாவது சலவையில் மூத்தவர் சட்டையில் 8-இன் கீழ் ஓரம் எழும்பிவிட்டது. கேட்டால், உள்பக்கம் வெளியே திருப்பிப் போடாமல் வாஷிங் மெஷினில் போட்டிருக்கிறார், சூடான இஸ்திரிப் பெட்டியையும் எண் மேலேயே வைத்திருக்கிறார். கொண்டுபோனதும் பேப்பர் வைத்து மறுபடி அமுக்கிக் கொடுத்தார்கள். என்னுடையது பத்துப் பதினைந்து சலவை கண்டும் அப்படியே இருக்கிறது. நான் கையால்தான் அலசுகிறேன்.

போன வாரம் மறுபடி போனேன். என் மகனுக்கு ஹாலண்ட் மேல் பைத்தியம், மான்செஸ்டர் சிட்டியின் வெளிர்நீலச் சட்டை வேண்டும் என்று ஒற்றைக் காலில் நிற்கிறான். அந்த நீலம் என் வீட்டுக் கொடியில் காயாது என்று சொல்லிவிட்டேன். நார்வேயின் மோல்டே கிளப்பில் பயிற்சியாளராக இருந்தபோது சோல்ஷேரே யுனைடெட்டைக் கூப்பிட்டு, இந்தப் பையனை 40 லட்சம் பவுண்டுக்கு எடுங்கள் என்று சொல்லியும் கேட்காமல் விட்ட கதையை அவனிடம் சொல்லி, சிவப்பில் 9 போட்டுத் தருகிறேன் என்று பேரம் பேசி முடித்தேன். நாங்கள் வகுத்த விதிப்படி செல்லும்.

இந்த முறை வாட்ஸ்அப் வேண்டாம் என்று பெயரைத் தாளில் எழுதியே கொண்டுபோனேன். கடைக்காரர் வாங்கி, எழுத்து எழுத்தாக விரல் வைத்துப் பார்த்தார்.

"இதுல கொம்பே இல்லியே அண்ணாச்சி. நாளைக்கே தாரேன்" என்றார்.