திருகோணமலையில் ‘சொந்த மெயில் சேர்வர்’ போட்டுத் தருபவருக்கு மீதிக் காசு கொடுக்க முன்

உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் விடுதி நடத்துகிறவர்கள் கவனிக்க. “புக்கிங் மெயில் அனுப்ப சொந்த சேர்வர், மாதக் கட்டணம் இல்லை, அளவில்லாமல் அனுப்பலாம்” என்று சொல்லி, டொக்கரில் (மென்பொருளைத் தனித்தனிப் பெட்டிகளாக ஓட்டும் கருவி) ஒரு போஸ்ட்ஃபிக்ஸ் (மெயில் அனுப்பும் மென்பொருள்) கொன்டெய்னரை, அதாவது அப்படியொரு பெட்டியை, ஏற்றிவிட்டுக் காசோடு போயிருக்கிறார் ஒருவர். இப்போது போன் எடுப்பதில்லை. பெயர் வேண்டாம். அவர் விட்டுப்போன ஓட்டைகள் இவை.

மிக மோசமானது, கொன்டெய்னரை அமைக்கும் கம்போஸ் கோப்பில், மெயில் போய்வரும் வாசலான போர்ட்டை 25:25 என்று திறந்தது. அது உலகத்துக்கே கதவு. சேர்வரின் தடுப்புச் சுவரான யூஎஃப்டபிள்யூவில் மூடியிருக்கிறதே என்று நம்ப வேண்டாம். டொக்கர் தன் ஐபிடேபிள்ஸ் (லினக்ஸின் அடிப்படைத் தடுப்பு) விதிகளைத் தானே போடுவதால் அந்தத் தடை வேலை செய்யாது. இதற்குமேல் கடவுச்சொல் கேட்காமல் யாரை அனுப்பவிடலாம் என்று சொல்லும் ‘மைநெட்வொர்க்ஸ்’ வரியில், டொக்கர் பயன்படுத்தும் உள் முகவரிகள் அடங்கிய 172.16.0.0/12 முழுவதையும் நம்பகமானதாக எழுதியிருக்கிறார். ஐபிவி6 (புதிய வகை இணைய முகவரி) வழியாக வெளியாள் வந்தால், டொக்கரின் ப்ரொக்ஸி (இடைத்தரகர் நிரல்) அவரை 172.18.0.1 போன்ற உள் முகவரியாகவே கொன்டெய்னருக்குக் காட்டலாம். பிறகென்ன, கடவுச்சொல் இல்லாமலே எவரும் உங்கள் சேர்வரால் ஸ்பாம் அனுப்பலாம், ஐபி கறுப்புப் பட்டியலுக்குப் போகும்.

அனுப்ப மட்டும் என்றால் வெளியே போர்ட் திறக்கவே தேவையில்லை. புக்கிங் மென்பொருளும் அதே டொக்கர் நெட்வொர்க்கில் இருந்தால் போர்ட் வரியை அழித்துவிடுங்கள். இல்லாமல், அதே சேர்வரில் நேரடியாக ஓடினால் 127.0.0.1:25:25 போதும், அது அந்தச் சேர்வருக்குள் மட்டுமே திறக்கும். மூடியதா என்று கைபேசி டேட்டாவில் சோதிக்காதீர்கள்: அந்த வலையமைப்பே 25ஐத் தடுத்திருந்தால் மூடியதுபோலத்தான் தெரியும். 25 தடுக்கப்படாத இன்னொரு விபிஎஸ்ஸிலிருந்து (வாடகை சேர்வர்), ஐபிவி4, ஐபிவி6 இரண்டிலும் பாருங்கள்.

உங்கள் டொமைன் பெயரில் எந்தச் சேர்வர்கள் மெயில் அனுப்பலாம் என்று டிஎன்எஸ்ஸில் (டொமைனின் பொது விவரப் பதிவு) சொல்லும் எஸ்பிஎஃப் ரெக்கோட்டின் முடிவில் +all என்று போட்டிருந்தார். யார் வேண்டுமானாலும் என் பெயரில் அனுப்பலாம் என்று எழுதிக்கொடுத்த கையெழுத்து அது. ~all அல்லது -all ஆக்குங்கள்; ஒரு டொமைனுக்கு ஒரு எஸ்பிஎஃப் ரெக்கோட் மட்டுமே.

மெயிலில் டிஜிட்டல் கையொப்பம் இடும் டிகேஐஎம் சாவி கொன்டெய்னருக்குள்ளேயே கிடந்தது. வொலியூம் (கொன்டெய்னர் அழிந்தாலும் நிற்கும் சேமிப்பு இடம்) இல்லாமல் கொன்டெய்னரை அழித்து மறுபடி உருவாக்கினால் புதுச் சாவி பிறக்கும், டிஎன்எஸ்ஸில் பழையது இருக்கும், கையொப்பம் தோற்கும். அனுப்பாமல் நின்ற மெயில் வரிசையான க்யூவும் அதோடு போய்விடும். சாவிக்கும் க்யூவுக்கும் தனித்தனி வொலியூம் கேளுங்கள்.

ஒரு ஐபி முகவரிக்கு என்ன பெயர் என்று சொல்லும் பிடிஆர் ரெக்கோட்டை டொமைன் வாங்கிய இடத்தில் தேடிப் பயனில்லை, ஐபி தந்த நிறுவனத்தில்தான் போடவேண்டும். அதில் வரும் பெயர் அதே ஐபிக்குத் திரும்பவேண்டும். எதிர்ச் சேர்வரிடம் போஸ்ட்ஃபிக்ஸ் முதலில் தன்னை அறிமுகப்படுத்தும் ஹலோவில் சொல்வதும் அதுவாகவே இருக்கட்டும். ஹோஸ்ட்நேம் (சேர்வருக்கான பெயர்) வைக்காவிட்டால் கொன்டெய்னரின் 12 எழுத்து ஐடிதான் அங்கே போகும். 2024 பெப்ரவரியிலிருந்து ஜிமெயில் எல்லா அனுப்புநரிடமும் பிடிஆர், டிஎல்எஸ் (இணைப்பைக் குறியாக்குவது) இரண்டோடு, எஸ்பிஎஃப் அல்லது டிகேஐஎம் ஒன்றையும் கேட்கிறது.

“அளவில்லாமல்” என்பதும் கதைதான். சேர்வர் வாடகைக்குத் தரும் டிஜிட்டல்ஓஷன், கூகுள் கிளவுட் போன்றவை வெளியே போகும் 25ஐத் தடுக்கின்றன. அங்கே, தடுக்கப்படாத வேறு போர்ட் வழியாக ஒரு ரிலே சேவை (உங்கள் மெயிலை வாங்கி அனுப்பிவைக்கும் நிறுவனம்) வேண்டும்; கூகுள் கிளவுட்டில் 587 போகும், டிஜிட்டல்ஓஷன் 587ஐயும் தடுக்கிறது. அதற்கு அளவும் உண்டு, கட்டணமும் வரலாம்.

சேர்வரின் பதிவேடான லாக்கில் ‘சென்ட்’ என்று காட்டுவதை ஏற்காதீர்கள். எதிர்ச் சேர்வர் வாங்கிக்கொண்டது என்பதற்கு மேல் அதில் எதுவும் இல்லை, ஸ்பாமில் போட்டாலும் அப்படித்தான் வரும். ஜிமெயிலுக்கு ஒன்று அனுப்பச்சொல்லி, மூலச் செய்தியைத் திறந்து எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் (அவை அனுப்புநர் டொமைனோடு பொருந்துகிறதா என்ற சோதனை) மூன்றும் ‘பாஸ்’ ஆனதா என்று பாருங்கள். பிறகு கொன்டெய்னரை அழித்து மறுபடி ஏற்றச்சொல்லி இன்னொன்று அனுப்புங்கள். இரண்டாவதும் தேறினால் மீதிக் காசைக் கொடுக்கலாம்.