ஸ்டூடியோவில் ஓடிய ஆறு மெஷின்கள்: எந்த பிராண்டை நம்புவது?

திருச்சியில் கல்யாண ஆல்பம் டிசைன் செய்யும் ஸ்டூடியோ வைத்திருக்கிறேன். 2007-ல் முதல் கம்ப்யூட்டர் மெஷினை அசெம்பிள் செய்தபோது எனக்குத் தெரிந்த ஒரே அளவுகோல் பேர்தான். "நல்ல கம்பெனி" என்று நாலு பேர் சொன்னால் வாங்கிவிடுவேன். இரண்டாவது வருடம், நல்ல முகூர்த்த சீசனில், அந்த மெஷின் வேலை பாதியில் இருக்கும்போதே தானாக ரீஸ்டார்ட் ஆக ஆரம்பித்தது. கேபினெட்டைத் திறந்தால், ப்ராசசரை ஒட்டி நின்ற கெபாசிட்டர்களில் (கரண்டைச் சீராக்கும் சின்ன உருளைகள்) நாலு தலை உப்பியிருந்தன. ஒன்றின் உச்சிக் கீறல் வழியாகக் கசிந்தது பழுப்புப் பொருக்காகக் காய்ந்திருந்தது.

எனக்கு மட்டும் வந்த கெட்ட நேரம் என்று நினைத்தேன். இல்லை. 2000-களின் முதல் பாதியில், மட்டமான எலக்ட்ரோலைட் கெபாசிட்டர்கள் பெரிய பெரிய கம்பெனிகளின் மதர்போர்டுகளுக்குள் போய்விட்டன. டெல் ஆப்டிப்ளெக்ஸ் ஜிஎக்ஸ்270 மாதிரி ஆபீஸ் மெஷின்களே அப்படிக் கொத்துக் கொத்தாகப் போயின. போர்டில் பேர் போட்டவர் ஒருவர், கெபாசிட்டர் செய்தவர் வேறொருவர்.

பேரை மட்டும் நம்ப முடியாது என்பது ஹார்ட் டிஸ்க்கில் இன்னும் தெளிவாகத் தெரியும். 2000-ல் வந்த ஐபிஎம் டெஸ்க்ஸ்டார் 75ஜிஎக்ஸ்பி அடிக்கடி செத்ததால் அதற்கு "டெத்ஸ்டார்" என்றே பேர் வந்தது. ஐபிஎம் அந்தத் தொழிலையே ஹிட்டாச்சிக்கு விற்றது. அதே வழியில் பின்னால் வந்த ஹெச்ஜிஎஸ்டி டிஸ்க்குகள்தான், ஆயிரக்கணக்கான டிஸ்க்குகளை ஓட்டிக் கணக்கு வெளியிடும் பேக்பிளேஸ் நிறுவனத்தின் பட்டியலில் பல வருடம் மிகக் குறைவாகப் பழுதானவை. அதே பட்டியலில் சீகேட்டின் 3 டிபி மாடலான எஸ்டி3000டிஎம்001 மிக மோசமாக விழுந்தது. அதே சீகேட்டின் 4 டிபி டிஸ்க்குகள் நன்றாகவே ஓடின. "அந்தக் கம்பெனியா, வேண்டாம்ணே" என்று கடையில் யாராவது சொன்னால், எந்த மாடல், எந்த வருடம் என்று கேட்பேன். பெரும்பாலும் பதில் வராது.

நான் அதிகமாக அடிபட்டது எஸ்எம்பிஎஸ்ஸில், அதாவது மெஷினுக்குக் கரண்ட் கொடுக்கும் பெட்டியில். சென்னை எலக்ட்ரானிக்ஸ் கடைத்தெருவான ரிச்சி ஸ்ட்ரீட்டில் வாங்கும்போது, "80 ப்ளஸ் போட்டிருக்கு, கண்ணை மூடிக்கிட்டு எடுத்துட்டுப் போங்க" என்றார்கள். அந்த ஸ்டிக்கர் கரண்ட் எவ்வளவு வீணாகாமல் இருக்கும் என்பதை மட்டும்தான் சொல்கிறது. சாதாரண 80 ப்ளஸ் என்றால் 20, 50, 100 சதவீத லோடில் 80 சதவீதத்துக்குக் குறையாத திறன். கோளாறு வந்தால் மற்ற பாகங்களைக் காப்பாற்றித் தானாக அணையுமா என்பது அதில் கிடையாது. ஒரு மே மாத மதியம் கரண்ட் போய் வந்த நொடியில் "பட்" என்று ஒரு சத்தம், கூடவே பொசுங்கிய வாடை. மதர்போர்டும் டிஸ்க்கும் சேர்ந்தே போயின. ஒரு வீட்டு நிச்சயதார்த்தப் படங்கள் அதில் இருந்தன. கேமராமேன் தம்பி மெமரி கார்டை அழிக்காமல் வைத்திருந்ததால்தான் அந்தப் பெண்ணின் அப்பா முகத்தை என்னால் பார்க்க முடிந்தது.

அதற்குப் பிறகு எஸ்எம்பிஎஸ் வாங்கும்போது அதை உண்மையில் செய்தது யார் என்று தேடிவிட்டுத்தான் பணம் கொடுக்கிறேன். சீசானிக், சூப்பர் ஃப்ளவர், சிடபிள்யூடி மாதிரி சில தொழிற்சாலைகள் பல பிராண்டுகளுக்குச் செய்து தருகின்றன. ஒரே பிராண்டின் இரண்டு மாடல் இரண்டு தொழிற்சாலையிலிருந்து வரலாம். பெட்டியைப் பிரித்துச் சோதித்தவர்களின் படங்களைப் பார்க்க அரை மணி நேரம் ஆகும். வாங்கின வாரமே ஐந்து நட்சத்திரம் போட்டவர்கள் எழுதியதை நான் படிப்பதே இல்லை. ஒரு வருடம் கழித்துத் திரும்பி வந்து எழுதியவர்களைத் தேடிப் படிக்கிறேன்.

இன்னொன்று, பழுதான பிறகு கம்பெனி எப்படி நடந்துகொள்கிறது என்பது. 1994-ல் பென்டியம் சிப்பில் வகுத்தல் கணக்கு தப்பாக வந்தபோது, தேவை என்று நிரூபிப்பவர்களுக்கு மட்டும் மாற்றித் தருவதாக இன்டெல் முதலில் சொன்னது. எதிர்ப்பு வலுத்த பிறகுதான் கேட்ட எல்லோருக்கும் மாற்றியது. 2024-ல் 13, 14-ம் தலைமுறை ப்ராசசர்கள் தடுமாறியபோது வாரண்டியை இரண்டு வருடம் கூட்டியது. ஆனால் நம் ஊரில் வாரண்டி என்றால் சர்வீஸ் சென்டர் கவுன்டரில் இருப்பவர்தான். அந்த மே மாதம் போன போர்டைக் கொண்டுபோனேன். ஏழு வாரம் காக்கவைத்துவிட்டு, "எரிஞ்ச மார்க் இருக்கு சார், வாரண்டி வராது" என்று அதே கவரில் திருப்பிக் கொடுத்தார்கள். வாரண்டி மூன்று வருடம் என்று பெட்டியில் கொட்டை எழுத்தில் இருந்தது. இப்போது வாங்கும் முன்பே கேட்டுவிடுகிறேன்: திருச்சியிலேயே வாங்கிக்கொள்வார்களா, சென்னைக்கு அனுப்ப வேண்டுமா, எத்தனை நாள், மாற்றித் தருவது புதுசா, ரிப்பேர் செய்ததா?

இப்போதைய மெஷின் ஆறாவது. டிஸ்க் 18,400 மணி நேரம் ஓடியிருக்கிறது, கெட்டுப்போன செக்டர் (படம் பதியும் சின்னப் பகுதி) இதுவரை ஒன்றுகூட இல்லை. வாரண்டி போன மாதம் முடிந்தது. ஆனாலும் ராத்திரி கடையைச் சாத்தும் முன், அன்றைய படங்களை வேறு மாடல் டிஸ்க் ஒன்றில் காப்பி போட்டு வீட்டுக்கு எடுத்துப் போய்விடுகிறேன்.