பழைய போன்: லைட் ஆப் போதுமா, ரோம் மாற்றுவதா?

கிளிநொச்சியில் இருக்கும் சித்தப்பாவின் 2 ஜிபி போனில் வாட்ஸ்அப் திறப்பதற்குள் ஒரு பிளேன்ரீ குடித்து முடிக்கலாம். "தம்பி, இதை எறியிறதோ, ஏதும் செய்யலாமோ?" என்று கேட்டார். வழி இரண்டு: ஆப்களின் இலேசான "லைட்" வடிவங்களைப் போடுவது, அல்லது ரோமை, அதாவது போனின் இயங்குதளத்தையே மாற்றுவது.

செலவு: லைட் ஆப்களுக்குக் கொஞ்ச டேட்டா போதும். லினேஜ்ஓஎஸ் போன்ற ரோமும் இலவசம்தான், ஆனால் கணினியும் நல்ல கேபிளும் வேண்டும்.

சுலபம்: ஃபேஸ்புக்கை அழித்து ஃபேஸ்புக் லைட் போடுங்கள். செட்டிங்ஸில் 'அபவுட் போன்' பகுதியில் இருக்கும் பில்ட் நம்பரை 7 தடவை தட்டினால் டெவலப்பர் ஆப்ஷன்ஸ் என்ற மறைந்த மெனு திறக்கும். அங்கே அனிமேஷன் (திரை அசைவு) அளவுகளை 0.5 ஆக்குங்கள். பத்து நிமிட வேலை. ரோமுக்கோ பூட்லோடரை, அதாவது போனைத் தொடக்கி வைக்கும் பூட்டிய மென்பொருளைத் திறக்க வேண்டும், திறந்தால் படம், நம்பர் எல்லாம் அழியும். என் பழைய போன் ஒன்று லோகோவோடு நின்றது நின்றதுதான். இப்போது மாங்குளம் வீட்டில் மேசைக்கால் ஆடாமல் முட்டுக் கொடுக்கிறது.

ஆயுள்: 2025 தொடக்கத்தில் ஆண்ட்ராய்ட் 4.4ஐ வாட்ஸ்அப் கைவிட்டது. அந்த நிலைக்கு லைட் ஆப் மருந்தல்ல. ரோம் புது ஆண்ட்ராய்டைத் தரும். ஆனால் சில வங்கி ஆப்கள் அதில் ஓடாது.

சித்தப்பாவுக்கு முதல் வழி. சும்மா கிடக்கும் இரண்டாவது போனுக்கு ரோம், அதுவும் அந்த ரோம் ஆதரிக்கும் போன்களின் பட்டியலில் உங்கள் மாடல் இருந்தால்.