டட்டூயினில் ஓர் இரவு: மத்மாதாவின் சீதி திரிஸ் விடுதி

ஸ்டார் வார்ஸ் படங்களில் இரட்டைச் சூரியன்கள் காயும் பாலைக் கோளான டட்டூயினில், நாயகன் லூக் ஸ்கைவாக்கர் தன் சித்தப்பா சித்தியுடன் அமர்ந்து உண்ணும் நிலத்தடி வீடு, தெற்குத் துனிசியாவின் மத்மாதா ஊரில் இன்றும் தங்கும் விடுதியாக இருக்கிறது. 1976-இல் படக்குழு அங்கே வந்திறங்கியபோதே அது விடுதிதான். அதற்கும் வெகுகாலம் முன்பே, வெளியார் பெர்பர் என்று அழைக்கும் அமாசிக் மக்கள் அதைத் தம் குடியிருப்பாகத் தோண்டியிருந்தார்கள். கோளின் பெயரும் அந்நாட்டின் டத்தாவின் என்னும் ஊரிலிருந்து வந்ததே.

மென்மையான மண்பாறையில் இரண்டு மாடி ஆழத்துக்கு வட்டமாகக் குழி தோண்டி, அதன் அடித்தளத்தை முற்றமாக வைத்துக்கொண்டு, சுற்றுச்சுவரைக் குடைந்து அறைகள் அமைப்பது மத்மாதாவின் கட்டட முறை. சீதி திரிஸில் இத்தகைய ஐந்து குழிகளைச் சுரங்க வழிகளால் இணைத்திருக்கிறார்கள். குனிந்தபடி ஒரு சுரங்கத்தைக் கடந்து அடுத்த முற்றத்து வெளிச்சத்தில் நிமிரும்போது, மேலே வானம் ஒரு வட்டத் துண்டாகத் தெரிகிறது.

படத்தின் உணவு மேசைக் காட்சி எடுக்கப்பட்ட அறையில், கூரையில் தீட்டிய ஓவியம் கண்ணைப் பறிக்கிறது. 2002-இல் வெளியான படத்துக்காக மீண்டும் இங்கே படம்பிடித்தவர்கள் விட்டுச்சென்ற கதவுச் சட்டங்களும் போலி இயந்திரப் பாகங்களும் அந்த முற்றத்தில் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. அருகே சென்று தட்டினால் உள்ளீடற்ற ஒலிதான் கேட்கிறது. திரையில் இரும்பாகத் தோன்றியவற்றின் இந்த ஏழ்மை எனக்கு ஏமாற்றத்தைவிட வேடிக்கையாகவே இருந்தது.

ஆனால் டட்டூயினை முழுதாகக் காணும் ஆசையுடன் வருவோர் ஒன்றை முன்கூட்டியே அறிந்திருக்க வேண்டும்: இங்கே இருப்பது அந்த வீட்டின் உட்புறம் மட்டுமே. லூக் நின்று சூரியன்கள் மறைவதைப் பார்க்கும் வெண்ணிறக் குவிமாடமும் அதைச் சூழ்ந்த வெட்டவெளியும், மேற்கே வெகுதூரம் தள்ளி ஷோட் எல் ஜெரித் உப்பு ஏரிப் பகுதியில் எடுக்கப்பட்டவை. காலத்தால் சிதைந்த அந்தக் குவிமாடத்தை 2012-இல் ரசிகர்களே பணம் திரட்டிச் செப்பனிட்டார்கள். இரண்டையும் ஒரே நாளில் அவசரமாகப் பார்ப்பதைவிட, மத்மாதாவுக்கு ஓர் இரவை ஒதுக்குவதே சரி என்பது என் கருத்து.

தங்கும் அறைகள் மிக எளியவை. சுண்ணாம்பு பூசிய வளைந்த சுவரும் கட்டிலும் விளக்கும் தவிர வேறு அலங்காரம் இல்லை. சுவரில் சாய்ந்தால் சட்டையில் வெள்ளை ஒட்டும். குளியலறையும் கழிப்பறையும் பொதுவானவை. நட்சத்திர விடுதியின் வசதியை எதிர்பார்ப்பவர்கள் காபெஸ் நகரில் தங்கிவிட்டு, சுமார் 40 கிலோமீட்டர் பயணித்து வந்து, பார்த்துவிட்டுத் திரும்புவது அவர்களுக்கும் நல்லது, விடுதிக்கும் நல்லது. மற்றவர்களுக்கு அந்த அறையே பெரும் பரிசு. வெளியே பாலை வெயில் கொளுத்தும் வேளையிலும் மண்ணின் கனம் வெப்பத்தை உள்ளே விடுவதில்லை; குளிர்கால இரவில் அதே மண் கதகதப்பைக் காக்கிறது. மின்விசிறியும் குளிரூட்டியும் இல்லாமல் உறங்கக்கூடிய இந்த ஏற்பாட்டைப் பார்த்தபின், படக்குழு புதிதாகக் கற்பனை செய்ய வேண்டியது அதிகம் இருந்திருக்காது என்றே தோன்றியது.

உணவும் வீட்டுப் பாங்கானது. முட்டையை மெல்லிய மாவேட்டில் பொதிந்து பொரிக்கும் 'பிரிக்' என்ற பண்டமும், காய்கறிக் குழம்புடன் 'கூஸ்கூஸ்' என்ற ரவை உணவும் துனிசியாவெங்கும் கிடைப்பவைதாம். நம் நாக்குக்கு உறைப்பு போதவில்லையென்றால் ஹரிஸா மிளகாய் விழுதைக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். படத்தில் வரும் நீலப் பாலை யாரும் இங்கே எதிர்பார்க்க வேண்டாம்.

சுற்றுலாப் பேருந்துகள் நண்பகலை ஒட்டித்தான் வந்து குவிகின்றன. ஆகவே மாலையில் வந்து சேர்ந்து, மறுநாள் காலை உணவுக்கு முன் உணவறை முற்றத்தைப் பார்த்து முடித்துவிடுவது நல்லது. படம் எடுக்க விரும்புவோருக்குக் கூட்டம் குறுக்கே வராத நேரம் அதுவே.