செம்பருத்தியா, இட்லிப்பூவா? பூவைப் பார்க்கும் முன் தண்ணீரைப் பாருங்கள்

நர்சரியில் இரண்டும் பூத்துக் குலுங்கி நிற்கும்போது எதை எடுத்தாலும் சரிதான் என்று தோன்றும். வீட்டுக்கு வந்து மூன்று மாதம் போகட்டும். இட்லிப்பூச் செடி தளிரெல்லாம் வெளுத்து நிற்கும்; செம்பருத்தியின் நுனி மாவு அப்பியதுபோல் சுருண்டிருக்கும். கைராசி இல்லை என்று பலர் அதோடு விட்டுவிடுகிறார்கள். கைராசிக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. ஒன்றுக்குத் தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை, மற்றொன்றைப் பூச்சி பிடித்துவிட்டது, அவ்வளவுதான்.

முதலில் பூ. நாட்டுச் செம்பருத்தியின் ஆயுள் ஒரே நாள். காலையில் விரியும், பொழுது சாயும்போது சுருங்கிவிடும். ஆனால் நன்றாகப் பிடித்த செடி ஆண்டு முழுக்கத் தினமும் இரண்டு மூன்றாவது கொடுத்துக்கொண்டே இருக்கும். பறித்த பூவைத் தண்ணீரில் போட வேண்டியதில்லை. தட்டில் வைத்தாலே மாலைவரை விரிந்தபடி இருக்கும். பூஜைக்கு இதைவிடத் தோதான செடி கிடையாது.

இட்லிப்பூ வேறு கணக்கு. வெட்சி, விருட்சி என்று ஊருக்கு ஊர் பெயர் மாறும் இது தென்னிந்தியாவுக்கும் இலங்கைக்கும் சொந்தமான செடி. ஆநிரை கவரப் போன மறவர் சூடிய பூவும் இதுதான். ஒரு கொத்தில் ஐம்பது அறுபது பூ இருக்கும். ஒன்றன்பின் ஒன்றாக விரிவதால் ஒரே கொத்து சில வாரங்கள் நிற்கும். தினம் செடியருகே போக நேரமில்லாதவர்கள் தூரத்திலிருந்து பார்த்து ரசிக்க இதுவே மேல்.

இப்போது தண்ணீருக்கு வருவோம். உங்கள் வீட்டு வாளியின் உட்புறத்தைத் தடவிப் பாருங்கள். வெள்ளையாகச் சொரசொரப்புப் படிந்திருந்தால் அது சுண்ணாம்பு கலந்த போர் தண்ணீர். செம்பருத்தி அதை ஓரளவு தாங்கும். இட்லிப்பூ தாங்காது. அதற்கு மண்ணின் பிஹெச், அதாவது அமில, காரத் தன்மையைக் காட்டும் எண், 5.5-லிருந்து 6.5-க்குள் இருக்க வேண்டும். போர் தண்ணீர் விட விட மண் காரமாகிக்கொண்டே போகும். மண்ணில் இரும்புச்சத்து இருக்கும், ஆனால் வேரால் எடுக்க முடியாது. அதனால்தான் புது இலை மஞ்சளாகி, நரம்பு மட்டும் பச்சைக் கோடாகத் தெரிகிறது. முற்றிய நிலையில் தளிர் கிட்டத்தட்ட வெள்ளையாகவே வரும். மஞ்சளாவது கீழ் இலையா, நுனி இலையா என்று கவனியுங்கள். நுனி இலை என்றால் இரும்பு. கீழ் இலை விளிம்பிலிருந்து மஞ்சளானால் பெரும்பாலும் மக்னீசியம். லிட்டருக்கு 5 கிராம் எப்சம் உப்பு கரைத்துத் தெளித்தால் போதும்.

இரும்புக் குறைக்கு அன்னபேதி நல்ல மருந்து. உரக்கடையில் ஃபெரஸ் சல்பேட் என்று கேட்டாலும் கொடுப்பார்கள். வாங்கும்போது நிறத்தைப் பாருங்கள்: வெளிர்பச்சையாக இருக்க வேண்டும். துருப்பிடித்ததுபோல் பழுப்பாகிவிட்டால் பயனில்லை. ஒரு லிட்டர் தண்ணீரில் முதலில் 1 கிராம் சிட்ரிக் அமிலம், பிறகு 5 கிராம் அன்னபேதி கரைத்து, வெயில் தாழ்ந்தபின் இலையின் இருபுறமும் நனையத் தெளியுங்கள். பத்து நாள் இடைவெளியில் இரண்டு மூன்று முறை போதும். கரைத்ததை மறுநாளைக்கு வைக்காதீர்கள், அதுவும் பழுப்பாகிவிடும். தரையில் சிந்தினால் டைல்ஸில் துருக்கறை ஏறும், தொட்டியை நகர்த்திவைத்து அடியுங்கள். ஏற்கெனவே வெளுத்த இலையை விட்டுவிட்டு, அடுத்து வரும் தளிர் பச்சையாக வருகிறதா என்று பாருங்கள்.

ஆனால் தண்ணீரை மாற்றாமல் மருந்து மட்டும் அடித்தால் இரண்டு மாதத்தில் பழைய கதைதான். மழைநீர் பிடித்து வைக்க முடிந்தால் நல்லது. ஏசி-யிலிருந்து சொட்டும் தண்ணீர் இட்லிப்பூவுக்கு அருமையானது, அதில் உப்பே இருக்காது. ஆர்.ஓ. இயந்திரம் வெளியே தள்ளும் கழிவுநீரோ நேர் எதிர். உப்பெல்லாம் அதில்தான் சேர்ந்திருக்கிறது. வீணாகிறதே என்று அதைச் செடிக்கு ஊற்றுகிறார்கள். இரண்டு செடிக்குமே வேண்டாம், தரை கழுவ வைத்துக்கொள்ளுங்கள். அதேபோல் சிமெண்ட் தொட்டி, புதிதாகப் பூச்சு பூசிய மதில் ஓரம், முட்டை ஓட்டுத்தூள், அடுப்புச் சாம்பல் இவையெல்லாம் மண்ணில் சுண்ணாம்பையோ காரத்தையோ ஏற்றும். செம்பருத்திக்குக் கைப்பிடிச் சாம்பல் எப்போதாவது போடலாம். இட்லிப்பூவின் பக்கமே கொண்டுபோகாதீர்கள். இரண்டுக்கும் ஒரே உரக்கலவையைப் போடுவதுதான் நம் மாடித் தோட்டங்களில் அடிக்கடி நடக்கும் தவறு.

செம்பருத்தியின் எதிரி மாவுப்பூச்சி. கோயம்புத்தூரில் 2008-ல் முதலில் கண்டறியப்பட்ட பப்பாளி மாவுப்பூச்சி மல்பெரி, மரவள்ளி, செம்பருத்தி என்று எதையும் விடவில்லை. 2010-ல் புவெர்ட்டோ ரிக்கோவிலிருந்து அந்தப் பூச்சியை அழிக்கும் ஒட்டுண்ணிக் குளவிகளைக் கொண்டுவந்து விட்ட பிறகே அது அடங்கியது. வீட்டுச் செடிக்கும் அந்தப் பாடம் பொருந்தும்: கண்டபடி கடும் மருந்து அடித்தால் நன்மை செய்யும் பூச்சிதான் முதலில் சாகும்.

வாரம் இருமுறை நுனிக்குருத்தையும் இலையின் அடிப்புறத்தையும் திருப்பிப் பாருங்கள். எறும்பு வரிசையாக ஏறினால் மேலே ஏதோ இருக்கிறது என்று பொருள். பூச்சி விடும் தேன்போன்ற கழிவுக்காகத்தான் எறும்பு வருகிறது. இலையில் கரிபடிந்ததுபோல் பூசணம் வருவதும் அதன்மேல்தான். நுனி முட்டைக்கோஸ்போல் சுருண்டிருந்தால் மருந்து உள்ளே போகாது. அதை நான்கு விரற்கடை கீழே வெட்டி, பிளாஸ்டிக் பையில் கட்டி எறியுங்கள், மட்குத் தொட்டியில் போடக்கூடாது. மீதிச் செடியில் தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவிவிட்டு, லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், 5 கிராம் காதி சோப்பு கலந்து மாலையில் தெளியுங்கள். ஐந்தாறு நாளுக்கு ஒருமுறை என்று மூன்று தடவையாவது அடிக்க வேண்டும், ஏனென்றால் முட்டைப்பை மேல் எதுவும் ஒட்டாது. ஒரு சங்கதி: மாவுப்பூச்சி நடுவே அதைவிடப் பெரிதாக, வெள்ளை இழை தொங்க, வேகமாக ஊர்ந்து போவது தெரிந்தால் கையை எடுத்துவிடுங்கள். அது மாவுப்பூச்சியைத் தின்னும் பொறிவண்டின் புழு. அன்றைக்கு மருந்தும் அடிக்காதீர்கள்.

மொட்டு உதிர்வது இன்னொரு தொல்லை. உதிர்ந்த மொட்டு ஒன்றைப் பிரித்து வெள்ளைத்தாளில் தட்டுங்கள். நூல்துண்டுபோல் ஏதேனும் ஓடினால் இலைப்பேன். மேலே சொன்ன வேப்பெண்ணெயே போதும், உதிர்ந்ததைப் பொறுக்கி அப்புறப்படுத்த வேண்டும். ஒன்றும் இல்லையென்றால் தொட்டி ஒருநாள் காய்ந்து மறுநாள் வெள்ளமாகியிருக்கும். கோடையில் தொட்டிச் செம்பருத்திக்குத் தினமும் தண்ணீர் வேண்டும், ஒருநாள் விட்டாலும் மொட்டைக் கொட்டிவிடும். இலை தழைத்து மொட்டே வராவிட்டால் தழைச்சத்து (நைட்ரஜன்) மிஞ்சிவிட்டது: கடலைப் பிண்ணாக்குக் கரைசலை ஒரு மாதம் நிறுத்துங்கள். எலும்புத்தூளும் வேண்டாம். செம்பருத்திக்கு அவ்வளவு மணிச்சத்து (பாஸ்பரஸ்) ஆகாது, இட்லிப்பூவுக்கோ அது இரும்பையும் முடக்கும்.

மண்கலவை எளிது. செம்பருத்திக்குச் செம்மண் இரண்டு பங்கு, மண்புழு உரம் ஒரு பங்கு, கோகோபீட் (தென்னைநார்த் துகள்) ஒரு பங்கு. 12 அங்குலத் தொட்டியில் தொடங்கி ஓரிரு ஆண்டில் 16-க்கு மாற்றுங்கள். இட்லிப்பூவுக்குச் செம்மண், அலசிய கோகோபீட், இலைமட்கு மூன்றும் சமபங்கு. 10 அங்குலம் போதும், அது மெதுவாக வளர்வது. வெயில், செம்பருத்திக்கு ஆறு மணி நேரம். காலை வெயில் நாலு மணி நேரம் விழும் கிழக்குப் பால்கனி இட்லிப்பூவுக்குப் போதும்.

இரண்டும் புதுக்கிளை நுனியில்தான் பூக்கும். செம்பருத்தியை மூன்றில் ஒரு பங்கு துணிந்து வெட்டலாம், கத்திரி வெயிலில் மட்டும் கூடாது. இட்லிப்பூவில் வாடிய கொத்தை அதன் கீழுள்ள முதல் இலைச்சோடிக்கு மேல் கிள்ளினால் போதும். வேலிபோல் மாதாமாதம் கத்தரித்தால் மொட்டையும் சேர்த்துத்தான் வெட்டுகிறீர்கள்.

வாங்குவதில் எங்கள் தேர்வு இது. தரையில் இடமும் வெயிலும் இருந்து, வாரம் இருமுறை இலையைத் திருப்பிப் பார்க்க முடியுமானால் நாட்டுச் சிவப்புச் செம்பருத்தி. அதற்குக் காசுகூட வேண்டாம். தெரிந்தவர் வீட்டிலிருந்து பென்சில் தடிமனில் ஒரு சாண் குச்சி வெட்டி, மழைக்காலத்தில் நிழலில் ஊன்றினால் ஒரு மாதத்தில் வேர்விடும். நாலைந்து நிறம் கலந்த பெரிய பூ ஹைபிரிட் ரகங்களைப் புதிதாகத் தோட்டம் போடுபவர்களுக்குப் பரிந்துரைக்க மாட்டோம். பையில் குட்டையாகப் பூத்திருப்பது பல நேரம் வளர்ச்சியை மட்டுப்படுத்தும் மருந்தால். அந்த வேகம் தீர்ந்ததும் கிளை நீண்டு பூ குறையும், வேர் அழுகலும் எளிதில் வரும். நல்ல தண்ணீர் உள்ள பால்கனிக்கு மினி ரக இட்லிப்பூ. போர் தண்ணீர் மட்டுமே என்றால், எவ்வளவு பிடித்தாலும் அதை எடுக்காதீர்கள்.

இட்லிப்பூ வாங்கிவந்தால் பையோடு வரும் களிமண் உருண்டையை உடைக்காதீர்கள், வேர் அறுந்தால் தேற மாதக்கணக்காகும். அரைமணி நேரம் தண்ணீரில் ஊறவைத்து, ஓரத்தை மட்டும் விரலால் தளர்த்தி நட்டு, பத்து நாள் நிழலில் வையுங்கள். முதல் உரம் புதுத்தளிர் வந்த பிறகு.